செப்சிஸ் ஆய்வுக்கு எந்த முறை? வேலூர் மாணவர்களுக்காக ஓர் ஒப்பீடு

செப்சிஸில் உறுப்புகள் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய வரும் மாணவர் முதலில் முட்டிக்கொள்வது ஒரு படிவத்தில்தான். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய ‘ஃபார்ம் பி’. எந்த விலங்கு, எத்தனை, என்ன செய்யப் போகிறீர்கள், விலங்கில்லாமல் ஏன் முடியாது என்று அது கேட்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்ட நம் பகுதியில் மருத்துவமும் மருந்தியலும் உயிர்த்தொழில்நுட்பமும் சொல்லித்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பும்போது பலரும் சீனியர் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். லேபில் எண்டோடாக்ஸின் என்ற கிருமி நச்சின் குப்பி ஏற்கெனவே இருக்கிறது, சுண்டெலியும் கிடைக்கிறது, ஆகவே அதுதான் முறை என்று ஆகிவிடுகிறது. பல வருட உழைப்பும் பல உயிர்களும் அந்த ஒரு வரியை நம்பி இருக்கின்றன.

விலங்கில் செப்சிஸை உண்டாக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உறுப்பு, எப்படிப்பட்ட நோயாளி, நோய் தொடங்கி எத்தனையாவது மணி நேரம். இவை தெளிவானால் கீழே சொல்லும் முறைகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

2016இல் வந்த வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை தாறுமாறாகி, அதனால் உறுப்புகள் உயிருக்கே ஆபத்தாகச் செயலிழப்பதுதான் செப்சிஸ். ரத்தத்தில் கிருமி இருந்தால் மட்டும் போதாது, காய்ச்சலும் வெள்ளை அணுக்கள் கூடுவதும்கூடப் போதாது. சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல், ரத்தம் உறைதல், ரத்த அழுத்தம், நினைவு இவற்றில் ஏதாவது கெட்டிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு இது வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. உலகில் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

நம் ஊர் ஐ.சி.யூவில் இந்த நோயோடு படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை இருக்கும். சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ, மழைக்காலம் முடியும் மாதங்களில் உண்ணிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸோ காரணமாக இருக்கும். ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். வந்ததும் சலைன், ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் ரத்த அழுத்தத்தைத் தூக்க நார்அட்ரினலின். ஆய்வகத்தில் அவருக்குப் பதிலாக நிற்பது 8 முதல் 12 வாரமான, ஒரே மரபு வரிசையில் பிறந்த, எந்த நோயும் தொட்டிராத ஆண் சுண்டெலி. மனிதக் கணக்கில் அது இருபது வயது இளைஞன். அதற்குச் சலைனும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. இந்த இடைவெளியை ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறைக்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒப்பிடுகிறேன்.

எண்டோடாக்ஸின் ஊசி

எல்லாவற்றிலும் எளியது இதுதான். ஈ. கோலை போன்ற கிருமிகளின் வெளியுறையில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற பொருளை (இதுதான் எண்டோடாக்ஸின்) வயிற்றுக்குள் செலுத்தினால் ஓரிரு மணி நேரத்தில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதம் உச்சத்துக்குப் போகும், ஒரு நாளுக்குள் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் மாற்றம் தெரியும். அறுவை இல்லை, கிருமியைக் கையாளும் பயமில்லை, எல்லா விலங்குக்கும் ஒரே அளவு.

ஆனால் இது திருடனே வராத வீட்டில் ‘திருடன், திருடன்’ என்று கத்தி ஊரை எழுப்புவது மாதிரி. உள்ளே உயிருள்ள கிருமி இல்லாததால் ஆன்டிபயாடிக்குக்கு வேலை இல்லை, கிருமியை உடல் விழுங்கி அழிப்பதையும் பார்க்க முடியாது. டி.என்.எஃப். செங்குத்தாக ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நோயாளியிடம் அது அவ்வளவு உயரம் போவதில்லை, நாள் கணக்கில் இழுக்கும். அளவிலும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆரோக்கியமான மனிதருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வர, கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் போதும். சுண்டெலிக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறோம். ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம்.

இதற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1987இல் பபூன் குரங்குகளின் ரத்தத்தில் ஈ. கோலையை ஏற்றுவதற்கு முன்பே டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. அந்த நம்பிக்கையில் 1990களில் நோயாளிகளுக்கு நடந்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எண்டோடாக்ஸினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியையே அடைக்கும் எரிடோரான் என்ற மருந்து ஏறக்குறைய 2,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2013இல் முடிவு வந்தபோது இறப்பு குறையவில்லை.

2017இல் வியன்னாவில் கூடிப் பேசி, செப்சிஸ் விலங்கு ஆய்வுக்குக் குறைந்தபட்சத் தர விதிகளை வகுத்த சர்வதேசக் குழுவும் எல்.பி.எஸ். ஊசியை மனித செப்சிஸின் மாதிரியாகக் கொள்ள வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. அதற்காக அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டி.எல்.ஆர்.4இன் வேலையே கண்டுபிடிக்கப்பட்டது எல்.பி.எஸ்.ஸுக்கு மசியாத ஒரு சுண்டெலி வகையை வைத்துத்தான். 2011 நோபல் பரிசு வரை போன கண்டுபிடிப்பு அது. ஓர் ஏற்பி, ஒரு சமிக்ஞைப் பாதை என்று கேள்வி குறுகலாக இருந்தால் இந்த முறை பொருந்தும். தலைப்பில் மட்டும் ‘செப்சிஸ்’ என்று போடாமல் ‘எண்டோடாக்ஸின் அழற்சி’ என்று போடுங்கள்.

இங்கே மூலிகை ஆய்வு பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. நிலவேம்போ வேறு இலையோ, ஒரு சாற்றை ஏழு நாள் சுண்டெலிக்குக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் எல்.பி.எஸ். போட்டு, டி.என்.எஃப். குறைந்தது, ஆகவே செப்சிஸுக்கு மருந்து என்று முடிக்கும் திட்டங்கள் நம் பக்கத்தில் நிறைய வருகின்றன. எந்த நோயாளியும் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நம்மிடம் வந்து நிற்பதில்லை. சித்த மருந்துகளில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் இதில் கடுமையாக இருக்க வேண்டும். தொற்று தொடங்கி, உடல் குளிர்ந்து, விலங்கு சுருண்டு படுத்த பிறகு, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுங்கள். அப்போதும் பலன் தெரிந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

சி.எல்.பி.யும் மலக்கரைசலும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சி.எல்.பி., அதாவது சீக்கத்தைக் கட்டித் துளைக்கும் முறை, 1980இல் வந்தது. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைச் சிறிதாகத் திறந்து, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் உள்ள சீக்கம் என்ற பையை வெளியே எடுத்து, அதில் ஒரு பகுதியை நூலால் கட்டி, ஊசியால் துளைத்து, துளிமலம் பிதுக்கி உள்ளே வைத்துத் தைப்பது. பல கிருமிகள் ஒன்றாகக் கசியும், கட்டிய திசு செத்துப்போகும், தொற்று மெல்ல வளரும். குடல்வால் வெடித்து வயிற்றில் சீழ் வைத்த நோயாளிக்கு இது மிக நெருக்கம். பல ஆண்டுகளாக இதைப் ‘பொன் தரம்’ என்று சொல்லிவந்ததில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் கையில் இருக்கிறது. எவ்வளவு நீளம் கட்டினீர்கள், எந்த அளவு ஊசி, எத்தனை துளை, எவ்வளவு பிதுக்கினீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே நாளில் செத்துவிடுவதிலிருந்து ஒன்றுமே ஆகாமல் இருப்பது வரை எதுவும் நடக்கும். சில சுண்டெலிகள் தொற்றைச் சுற்றிச் சுவர் கட்டி, சீழ்க்கட்டியாக அடைத்துவிட்டுத் தெம்பாக நடமாடும். காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் அறுவை செய்தால் அவர்கள் அளப்பது தங்கள் கைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. வலிநிவாரணிக்கு வழக்கமாகப் பயன்படும் புப்ரெனார்ஃபின் இங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. வாங்கவும் கணக்கு வைக்கவும் எழுத்து வேலை அதிகம். அதைக் காரணம் காட்டி வலிநிவாரணி இல்லாமலே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயிற்றைத் திறந்த விலங்குக்கு வலி தீர்க்காமல் விடுவது கொடுமை. வலியே அழற்சியை மாற்றும் என்பதால் முடிவும் கெடும்.

மலக்கரைசல் முறையில் அறுவையே இல்லை. ஆரோக்கியமான சுண்டெலிகளின் சீக்கத்தில் உள்ளதை எடுத்து, கரைத்து, வடிகட்டி, கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறோம். தேவையானபோது ஒரு குப்பியை உருக்கி, எடைக்கு ஏற்ற அளவை வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்துகிறோம். ஒரே தொகுதியைப் பல மாதம் பயன்படுத்தலாம். ஆண், பெண், கிழம், குட்டி எதற்கும் கொடுக்கலாம். பச்சிளம் குட்டிகளில் சீக்கத்தைக் கட்டித் துளைப்பது நடக்காத காரியம் என்பதால் இளங்குழந்தை செப்சிஸுக்கு இந்த முறைதான் கைகொடுத்தது. சில மணி நேரம் விட்டு ஆன்டிபயாடிக்கும் தோலுக்கடியில் சலைனும் தொடங்கினால், தாமதமாக ஆஸ்பத்திரி வந்த நோயாளியின் கதை ஓரளவுக்கு வந்துவிடும்.

குறையும் உண்டு. செத்த திசு இல்லை, கிருமி ஒரே மூச்சில் உள்ளே போகிறது, ஆகவே தொடக்கம் வேகமானது. ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் அளவை முதலிலிருந்து சோதித்துப் பிடிக்க வேண்டும். உறைபெட்டிக்கு நம்பகமான ஜெனரேட்டர் வேண்டும். மே மாதத்தில் மின்சாரம் போய் ஒரு தொகுதி உருகிவிட்டால் அதோடு அந்தத் தொடர் ஆய்வு முடிந்தது. இரண்டு உறைபெட்டிகளில் பிரித்து வையுங்கள்.

என் தேர்வு மலக்கரைசல். கை தேர்ந்த ஒருவர் மட்டுமே அறுவை செய்யப் போகிறார், கேள்வியும் வயிற்றுச் சீழ் பற்றியது என்றால் சி.எல்.பி. மற்றபடி, மாணவர்கள் வந்து போகும் சின்ன லேபுக்கு, முடிவு திரும்பவும் அதேபோல வர வேண்டும் என்றால், கரைசல்தான் நேர்மையான வழி.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போதும் விலங்குக் கூடத்தை 22, 23 டிகிரியில் வைக்கிறோம். நமக்கு அது சுகம். சுண்டெலிக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 30. அந்த ஏ.சி. குளிரில் அது எப்போதும் தன் உடலைச் சூடாக வைக்கவே சக்தியைச் செலவழிக்கிறது. செப்சிஸ் வந்ததும் மனிதருக்குப் பெரும்பாலும் காய்ச்சல் ஏறும், சுண்டெலியின் உடலோ குளிர்ந்துபோகும். ஏ.சி. நின்று போன இரவில் ஊசி போட்ட கூட்டத்தையும் ஏ.சி. ஓடிய இரவின் கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மருந்தின் பலன் எது, அறை வெப்பத்தின் பலன் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அறை வெப்பத்தை மணிவாரியாகப் பதிவு செய்யுங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள்.

சிறுநீரகமா, வேறு உறுப்பா

செப்சிஸில் சிறுநீரகம் ஏன் நிற்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இளம் சுண்டெலியின் சிறுநீரகம் எளிதில் மசியாது, வயதானதில்தான் பாதிப்பு தெளிவாகத் தெரியும். அளவிடுவதும் சிக்கல். ஆஸ்பத்திரி லேபில் நோயாளிக்குச் செய்யும் ஜாஃபே முறையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினைச் சுண்டெலியில் பார்த்தால், ரத்தத்தில் உள்ள வேறு பொருள்களும் அதே நிறத்தைக் கொடுத்து எண்ணைக் கூட்டிக் காட்டும். இன்னொரு பக்கம், செப்சிஸில் உடல் கிரியாட்டினின் தயாரிப்பதே குறைந்துவிடுகிறது. ஆகவே வடிகட்டும் திறன் பாதியாகியிருந்தாலும் எண் சாதாரணமாகத் தெரியலாம். என்சைம் முறை அளவீடு, சிறுநீரகம் காயப்படும்போது கூடும் என்.ஜி.ஏ.எல். என்ற புரதத்தின் அளவு, முடிந்தால் தோல் வழியே நேரடியாக வடிகட்டும் திறனை அளக்கும் கருவி இவற்றைத் திட்டத்திலேயே கேளுங்கள்.

திசுவைப் பார்க்கும்போதும் எச்சரிக்கை. செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத்தை ஆராய்ந்தபோது, செயல் அவ்வளவு கெட்டிருந்தும் செத்த செல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. சுண்டெலியில் அதிக அளவு எல்.பி.எஸ். கொடுத்து, சிறுநீரகக் குழாய்கள் அழுகிக் கிடக்கும் படத்தைப் போட்டு இதுதான் செப்சிஸ் சிறுநீரகம் என்று காட்டினால், நோயாளியிடம் இல்லாத ஒன்றைக் காட்டுகிறோம்.

சிறுநீரகத்துக்கு நம் கண்ணைத் திறந்தது செம்மறியாடு. ரத்தம் போதாமல்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், மெல்போர்னில் மயக்கம் கொடுக்காத ஆடுகளுக்கு ஈ. கோலையை மெல்ல ஏற்றிப் பார்த்தார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடியது, வடிகட்டும் வேலையோ குறைந்தது. பிறகு அதே குழுவினர் சிறுநீரகத்தின் உள்பகுதியில் மட்டும் ஆக்ஸிஜன் குறைவதைக் காட்டினார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நார்அட்ரினலின் அதை இன்னும் குறைக்கக்கூடும் என்பதும் அந்த ஆடுகளில் தெரிந்ததுதான். சுண்டெலியில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதற்காக ஆட்டுச் சந்தையில் ஆடு கிடைக்கிறதே என்று இறங்கிவிட முடியாது. பெரிய விலங்குக்கு நிறுவனக் குழுவின் அனுமதி போதாது, மத்தியக் குழு வரை போக வேண்டும். இரவும் பகலும் ஐ.சி.யூ. போலப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர்களும் வேண்டும். அந்த வசதி உள்ள இடத்தோடு கூட்டுச் சேர்வதுதான் வழி. பன்றிக்கும் இதேதான்.

நுரையீரல் கேள்வியென்றால் வயிற்றுத் தொற்று முறைகளை விட்டுவிடுங்கள். சுண்டெலியின் நுரையீரல் அவற்றில் பெரிதாகக் கெடுவதில்லை. மூச்சுக்குழாய் வழியே க்ளெப்சியெல்லா, நிமோகாக்கஸ் போன்ற நிமோனியாக் கிருமிகளைக் கொடுப்பது பொருத்தம்.

ஸ்க்ரப் டைஃபஸ்: நம் மண்ணின் கேள்வி

வேலூரில் உட்கார்ந்து செப்சிஸ் ஆராய்கிறவருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இது. புதரில் உள்ள உண்ணிக்குஞ்சு கடித்து, கறுத்த பொருக்கோடு வரும் இந்தக் காய்ச்சல் ரத்தக்குழாயின் உள்சுவரைத் தாக்கி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகக் கெடுக்கும். சுண்டெலியில் இதைக் கொண்டுவரலாம். ஆனால் வயிற்றுக்குள் செலுத்தினால் வயிற்றுச்சவ்வு அழற்சிதான் வரும், மனித நோய் வராது. ரத்தநாளம் வழியே கொடுத்தால் குழாய்ச் சுவர் பாதிப்பு நன்றாக வருகிறது. தோலில் கொடுப்பது இயற்கைக்கு நெருக்கம், ஆனால் நோய் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் கட்டாயம். அது இல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது.

வேலூர் சி.எம்.சி. முன்னின்று நாட்டின் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ரத்தநாளம் வழியே சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று அது காட்டியது. இறப்பு, நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது சேர்க்கை மருந்தில் 33 சதவீதம், தனி மருந்துகளில் 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. இந்தப் பதில் சுண்டெலியிடமிருந்து வரவில்லை, நோயாளிகளிடமிருந்து வந்தது. எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்குப் பல நேரம் விலங்கே தேவையில்லை.

அதனால் விலங்கில்லா வழியையும் சரிசமமான ஒரு தேர்வாகவே வைக்கிறேன். சித்தூர் பக்கமிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் ஊர் இது. மனித நெறிமுறைக் குழுவின் அனுமதியும் குடும்பத்தாரின் சம்மதமும் பெற்று, வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும்போதே கூடுதலாக சில மில்லி ரத்தம் வாங்கி, அந்தப் பிளாஸ்மாவை மனித ரத்தக்குழாய்ச் செல்கள் மேல் விட்டுக் கசிவை அளக்கலாம். முழு உறுப்பையும் அது காட்டாது. ஆனால் அந்தச் செல் மனிதனுடையது, அந்த நோயும் மனிதனுடையது. 2013இல் ஓர் ஆய்வுக்குழு, அழற்சியில் சுண்டெலியின் மரபணுக்கள் மனிதனைப் போல நடப்பதில்லை என்றது. 2015இல் இன்னொரு குழு அதே தரவுகளை வேறு விதமாகக் கணக்கிட்டு, நன்றாகவே ஒத்துப்போகிறது என்றது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எந்த மரபணு நோயாளியிடமும் மாறுகிறதோ அதை மட்டும் சுண்டெலியில் துரத்துவது பாதுகாப்பான வழி.

இப்போது வேலூரில் ஒரு சின்னக் குழு புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் சொல்வது இதுதான். முதல் ஆண்டு நோயாளி ரத்தத்தோடு தொடங்குங்கள். மழை முடிந்து குளிர் வரும் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் அதிகம் வருவதால், அனுமதி விண்ணப்பத்தைக் கோடையிலேயே போட்டுவிடுங்கள். அதில் கிடைக்கும் ஒன்றிரண்டு தடயங்களை இரண்டாம் ஆண்டில் மலக்கரைசல் சுண்டெலியில் சோதியுங்கள். ஆண், பெண் இரண்டும் இருக்கட்டும், ஒரு கூட்டமாவது வயதானதாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக், சலைன், வலிநிவாரணி மூன்றும் எல்லாக் கூட்டத்துக்கும். எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பதை ஊசி போடுகிறவருக்கும் விலங்கின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கும் சொல்லாதீர்கள். எத்தனை செத்தன என்று எண்ணுவதை முடிவுப் புள்ளியாக வைக்க வேண்டாம். உடல் வெப்பமும் அசைவும் எந்த அளவுக்குக் கீழே போனால் வலியில்லாமல் முடித்துவிடுவோம் என்பதை ஃபார்ம் பியிலேயே எழுதுங்கள். அந்த மதிப்பெண்ணை இரவு இரண்டு மணிக்கு யார் வந்து போடுவார் என்பதையும் எழுதுங்கள். பெயர் போட ஆள் இல்லையென்றால், ஆள் கிடைக்கும்வரை ஊசியை எடுக்காதீர்கள்.